இடையிடையே வெட்டும் மோட்டார் சைக்கிள்

கிராமங்களில் பால் சேகரிக்கும் ஒருவர் தமது பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து காட்டினார். ஓடும்போது திடீரென வெட்டும். சில விநாடிகளில் தானே சரியாகிவிடும். சில நாட்களில் முற்றாக நின்றுவிடும். வெயில் ஏறுமுன் நிலையத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பால் திரைந்துவிடும். திரைந்த பாலுக்குக் காசு இல்லை. கராஜில் பிளக்கை மாற்றினார்கள், பிறகு கொயிலை மாற்றினார்கள், காபரேற்றரையும் கழற்றிக் கழுவினார்கள். செலவு ஏறியதே தவிர வருத்தம் மாறவில்லை.

இவ்வகைப் பிழையில் உள்ள சங்கடம், திருத்துபவரின் முன்னால் வண்டி ஒழுங்காக ஓடுவதுதான். ஆகவே எதையும் மாற்றுமுன், எப்போது வெட்டுகிறது என்று கேட்கவேண்டும்.

முதலில் பெற்றோலா, மின்பொறியா என்று பிரித்தறியுங்கள். பெற்றோல் வருவது குறைந்தால் எஞ்சின் மெல்ல மெல்ல இழுவை குறைந்து ஓயும். தாங்கியின் மூடியைத் திறந்ததும் சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். மின்பொறி தவறினால் சுவிச்சை அணைத்ததுபோலச் சட்டென்று நிற்கும்; மீண்டும் பற்றும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்பதுமுண்டு.

மழையில் மட்டும் வெட்டினால் பிளக் மூடியையும் தடித்த வயரையும் பாருங்கள். இரவில் விளக்கில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். வயரின் நுனி கறுத்திருந்தால் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மூடியை மீண்டும் முறுக்கிப் பூட்டலாம்.

சூடேறியபின் நின்று, ஆறியதும் ஓடினால் கொயில் அல்லது கொண்டென்சரில் சந்தேகம் கொள்ளலாம். இதை நின்ற அந்த நேரத்திலேயே சோதிக்கவேண்டும். ஆறியபின் பார்த்துப் பயனில்லை. வேறொரு நல்ல பிளக்கை மூடியில் செருகி, அதன் உலோகப் பாகம் எஞ்சினில் நன்கு தொடும்படி வைத்து உதையுங்கள். பெற்றோல் ஆவி தீப்பற்றும். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல் விடுவதே பாதுகாப்பு. பொயின்ற் உள்ள சிறிய ஹொண்டாக்கள் பலவற்றில் பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் கரி பிடித்தாலும் பொறி தவறும். 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பால்காரரிடம் விசாரித்தபோது மழையுமில்லை, சூடுமில்லை. “வளைவிலதான் கூட” என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஹான்டிலை மெதுவாக இருபுறமும் திருப்பினோம். இடப்பக்கம் முழுதாகத் திரும்பியதும் எஞ்சின் நின்றது.

அந்த வண்டியில் திறப்பை அணைக்கும்போது, கறுப்பில் வெள்ளைக்கோடு உள்ள ஒரு வயர் வண்டியின் உடலோடு இணைகிறது; அதனால் பொறி நிற்கிறது. ஹான்டில் கழுத்தில் அந்த வயர் உராய்ந்து தோல் போயிருந்தது. இரும்பில் தொடும்போதெல்லாம் திறப்பை அணைத்ததற்குச் சமம். நிச்சயப்படுத்த, அந்த வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு வெறும் வளவுக்குள் ஓட்டினோம், வெட்டவேயில்லை. இப்படிச் சோதிக்கும்போது திறப்பால் எஞ்சின் நிற்காது என்பதை மறக்கக்கூடாது. கிளச் உள்ள வண்டியானால், பிரேக்கைப் பிடித்தபடி கியரில் வைத்து கிளச்சை விட்டு நிறுத்தலாம். பற்றரியிலிருந்து கொயிலுக்கு மின்சாரம் போகும் வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே வயர் அறுந்தாலோ சுவிச் தளர்ந்தாலோதான் வெட்டும்.

வயருக்கு டேப் சுற்றி, கழுத்தில் உராயாதபடி தள்ளிக் கட்டினோம். கராஜில் கழற்றிய பழைய கொயிலையும் அவர் பையில் வைத்திருந்தார். அதைப் பூட்டிப் பார்த்தோம். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.