பிரேக் இல்லாத சைக்கிள்

தம்பி தங்கைகளே, டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, தெரியுமா? பொறியியல் படிக்கிற எனக்கே அது ஆச்சரியம்தான். பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும். சக்கரம் ஓடும்வரை காலுக்கு ஓய்வில்லை.

அதில் சாதித்தவர் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸ். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் போட்டியில் தங்கம் வென்றார். 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் விழுந்து, கழுத்து எலும்பில் முறிவு. ஏழே மாதத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் வெள்ளி!

எல்லாரும் இங்கேதான் கைதட்டுவோம். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த நாலு வருஷம். ‘இந்த அடிக்கு வெள்ளியே போதும்’ என்று அவர் நிற்கவில்லை. பெய்ஜிங்கில் தன்னை வென்ற பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டனை, 2012-இல் அவருடைய சொந்த மண்ணான லண்டனிலேயே தோற்கடித்துத் தங்கம் எடுத்தார். 2016 ரியோவில் கெய்ரின் வெண்கலம். நம்ம அசிசுல்ஹஸ்னி அவாங்கும் அங்கேதான் ஆண்கள் கெய்ரினில் வெண்கலம் வென்றார்.

விழுந்து எழுந்தால் ஊரே பாராட்டும். பாராட்டு ஓய்ந்த பிறகும் தினமும் பயிற்சிக்குப் போவதுதான் கஷ்டம்.

யோசித்துப் பாருங்கள்: எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ‘இவ்வளவு போதும்’ என்று நாம் எதை நிறுத்தினோம்?