டி டிரைவை வெட்டி சி டிரைவில் ஒட்டலாமா?

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை கிராமங்களிலும் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. ஹார்டுடிஸ்க்கைப் பிரிப்பது பற்றிய கதைகளும் கூடவே வந்தன.

நம்பிக்கை: பாஸ் லினக்ஸை அழித்தால் இடம் மிச்சம், வேறொன்றும் ஆகாது.

உண்மை: தொடக்கத்தில் தந்த கணினிகளில் விண்டோஸோடு அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. "இது எதுக்கு?" என்று பலர் அழித்தார்கள். இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள பழைய கணினிகளில் எதைத் திறப்பது என்று முதலில் கேட்பது பெரும்பாலும் கிரப் என்ற நிரல். அதன் கோப்புகள் லினக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கும். அதை அழித்ததும் கணினி கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். விண்டோஸும் உங்கள் படங்களும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கைப் போட்டுத் துவக்கப் பகுதியை மட்டும் சரிசெய்தால் போதும். இதற்கு மொத்தத்தையும் ஃபார்மட் செய்யச் சொல்லும் கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: டி-யில் காலி இடம் இருக்கிறது, சி-க்கு மாற்றுவது அஞ்சு நிமிஷ வேலை.

உண்மை: டி-யைச் சுருக்கினால் மிஞ்சும் இடம் அதன் கடைசியில்தான் கிடைக்கும், சி-யின் எல்லையில் அல்ல. நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்: ஒட்டிக் கிடக்கும் நிலத்தைத்தான் வரப்பை வெட்டிச் சேர்க்க முடியும், நடுவில் அடுத்தவர் வயல் இருந்தால் முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடப்பது இதனால்தான். புதிய கணினிகள் பலவற்றில் சி-க்கு அடுத்து விண்டோஸின் மீட்புப் பகுதியும் குறுக்கே இருக்கும். ஜிபார்ட்டெட் போன்ற நிரல்கள் டி-யின் தொடக்கத்தையே நகர்த்தித் தரும். ஆனால் டி-யில் இருப்பதையெல்லாம் இடம்மாற்றி எழுத வேண்டும். சில நூறு ஜிபி என்றால் மணிக்கணக்காகும்.

நம்பிக்கை: யுபிஎஸ் இருக்கிறதே, கரண்ட் போனால் என்ன?

உண்மை: வீட்டு யுபிஎஸ், கணினியை ஒழுங்காக அணைக்க அவகாசம் தருவதற்குத்தான். நகர்த்தும் நடுவில் மின்சாரம் போனால் தரவு பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில் நிற்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களுக்கு மின்சாரத்தை நம்பக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம் என்பேன். நல்ல பேட்டரி உள்ள மடிக்கணினி என்றால், சார்ஜரையும் செருகிக்கொண்டு செய்யலாம்.

நம்பிக்கை: ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடிவிடும்.

உண்மை: விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதன்பிறகே ஜிபார்ட்டெட் ஏற்றிய பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியைத் துவக்கலாம். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கல்யாணப் படம், பட்டா ஸ்கேன் எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, அதுவே பேக்கப்.

உண்மை: சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் துண்டுகள் என்றால், டிஸ்க் போனால் இரண்டும் போகும். வெளி ஹார்டுடிஸ்க்கில் நகலெடுங்கள். அதிலிருந்து நாலு படத்தையாவது வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.