கேணிச் சுவரும் இறுதியாண்டுத் திட்டமும்

கீரிமலைக் கேணியில் ஊறுவது நன்னீர். சுவருக்கு அப்பால் கடல். உப்பு உள்ளே வந்து கலக்கட்டும், பிறகு பிரித்தெடுக்கலாம் என்று எவரும் கேணி கட்டுவதில்லை. முழு இருவழி வானொலியை இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கும் பிள்ளைகள் பலர் இப்போது கட்ட நினைப்பது அப்படியொரு கேணியைத்தான். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டுமானால் சொந்தக் குரலை அடக்கவேண்டும். அன்ரனாவிலே பிரிக்கலாம், அனலாக் சுற்றிலே கழிக்கலாம், எண்களாக மாறியபின் மென்பொருளில் கழிக்கலாம். இம்மூன்றும் தெரிந்தவைதான். தெரிவுதான் பிழைக்கிறது: ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் மென்பொருள் வழியோடு ஒட்டிக்கொண்டதும் பெற்றோருக்கு அதில் வேலைவாய்ப்புத் தெரிகிறது, பற்றாசுக்கோல் பிடிப்பது ரேடியோ திருத்துகிற தொழிலாகத் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். வைஃபை கருவி 20 டிபிஎம் வலுவில் அனுப்புகிறது. அதன் இரைச்சல் தளம் ஏறத்தாழ மைனஸ் 90. இடைவெளி 110 டெசிபல், அதாவது பத்தாயிரம் கோடி மடங்கு. அலையை எண்ணாக்கும் 12 பிட் மாற்றி கோட்பாட்டளவில் தாங்குவது 74 டெசிபல்தான். மீதியை அதற்கு முன்பே தடுக்காவிட்டால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் எண்ணாகவே பதிவாகாது. பதிவாகாததை எந்த நரம்பு வலையமைப்பும் மீட்காது. பெருக்கியின் நேரியலற்ற திரிபை வலையமைப்புகள் குறைந்த கணக்கீட்டில் கழிக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது கடைசிப் படியின் வெற்றி. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் தினேஷ் பாரதியாவும் கூட்டாளிகளும் அந்த 110 டெசிபலை எட்டியபோதும் பெரும்பங்கை அனலாக் பகுதியே சுமந்தது. சென்னை ஐஐடியில் படித்த ஹரீஷ் கிருஷ்ணசாமி 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தன் மாணவியோடு காந்தமில்லாச் சர்க்குலேட்டரைச் சில்லுக்குள் கொண்டுவந்ததும் அன்ரனாவிலே பிரிக்கும் அந்த முதற்படியில்தான்.

என் சாய்வு அனலாக் பக்கம், மறைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. கணிதத்தில் கை ஓடுகிறவருக்குப் பேராதனையின் ஹிமால் சுரவீர போன்றோர் ஆராய்ந்த முழு இருவழி அலை அஞ்சல் (relay) நிலையங்களின் கோட்பாடு நல்ல களம். சுற்றை எடுப்பவருக்கு வேண்டியது பொறுமை: 2.4 கிகாஹேர்ட்சில் கழிக்கும் பாதை ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே அடக்கம் ஏறத்தாழ 25 டெசிபலோடு நின்றுவிடும். கேபிளை மறுபடி வெட்டி, மறுபடி அளக்கச் சலிக்காதவர் இதை எடுக்கட்டும். முதல் மாதம் முழுக்க அந்த ஒரு மில்லிமீற்றரோடுதான் போகும்.