பெட்டியில் பருப்பை ஏற்றாதே

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கிளம்புவதற்குள் அண்ணி ஒரு மளிகைக் கடையையே மூட்டை கட்டிவிடுவாள் போலிருக்கிறது. 23 கிலோ பெட்டியில் பாதி பருப்பும் அரிசியும் என்றால், குளிர்கோட்டை எங்கே வைப்பாய்?

முதலில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. அண்ணி உருக்கிய நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். 2019 டிசம்பரிலிருந்து காய், பழம், இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்குத்தான் விலக்கு. கறிவேப்பிலைக் கொத்து சுங்கத்தோடு போய்விடும். வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான் பாவம். சாம்பார்பொடி, ரசப்பொடி, பெருங்காயம் மட்டும் கொண்டு வா.

மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கும். ஆல்டி, லிடில், ரெவே என்ற சூப்பர்மார்க்கெட்டுகளில் எதில் நுழைந்தாலும் 'ரோட்ட லின்சன்' என்று ஒரு பாக்கெட் இருக்கும். நம் மைசூர் பருப்பேதான். ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். பாலில் வேகவைத்து இனிப்பாகச் சாப்பிட இந்த ஊர்க்காரர்கள் வாங்கும் 'மில்ஷ்ரைஸ்' குட்டை அரிசி. பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அது நன்றாக இருக்கும். குழம்பு ஊற்றிச் சாப்பிடும் சோற்றுக்கு வேண்டாம், ஒட்டும். கொத்தமல்லி, புதினா, வெண்டைக்காய்க்குத் துருக்கிக் கடை. கட்டுப் பெரிதாக இருக்கும், வாடியிருக்காது. இட்லி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஈழத்தமிழர் கடைதான். விலை கூடத்தான், மாதம் ஒருமுறை போனால் போதும்.

விலைச்சீட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பி எடுக்காதே. அதன் கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று இருக்கும். அதைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நாம் நினைப்போம். அது எப்போதும் சரியில்லை என்பது அந்தப் பொடி எழுத்தில் தெரிந்துவிடும். கடையின் சொந்தப் பிராண்டு பெரும்பாலும் கீழ்த்தட்டில்தான் கிடக்கும், குனிந்து எடு. யூரோவை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிடு. இல்லாவிட்டால் தக்காளியே வாங்க மாட்டாய்.

கல்லாவில்தான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுமாறுவார்கள். நம் ஊர்போலப் பையில் போட்டுத்தர ஆள் கிடையாது. உட்கார்ந்தபடியே ஸ்கேன் செய்யும் பெண் பால், வெங்காயம், பிரெட் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருப்பாள். நீ ஒன்றை எடுப்பதற்குள் நான்கு வந்து குவிந்துவிடும். அங்கே நின்று அழகாக அடுக்க நினைக்காதே. எல்லாவற்றையும் தள்ளுவண்டிக்குள் வாரிப் போடு, காசைக் கொடு, வெளியே வந்து நிதானமாக அடுக்கிக்கொள். பெல்ட்டில் வைக்கும்போதே கனமானது முதலில், தக்காளி கடைசியில். பின்னால் நிற்பவர் முறைப்பதுபோலத் தெரியும். பெரும்பாலும் அது கோபம் இல்லை. தள்ளுவண்டியை எடுக்க ஒரு யூரோ நாணயம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கும் டின்களுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலியானதும் நசுக்காமல் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும்; கல்லாவில் நீட்டினால் கழித்துக்கொள்வார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கல்லாவில் கொடுப்பது 2022இலிருந்து தடை. அதனால் இரண்டு மஞ்சப்பை எடுத்து வா, கண்ணு. அண்ணியிடம் கேட்டால் இருபது கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அரசு விடுமுறையிலும் கிடையாது. பெரிய ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் சில திறந்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி முடித்துவிட வேண்டும். நீ வந்திறங்குவது எந்தக் கிழமை என்று உடனே எழுது. ஞாயிறு என்றால் பால், பிரெட், முட்டை நான் முன்னாடியே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை