தாசன் என்று பெயர் கொண்ட அரசர்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் பத்மநாப சுவாமி கோயிலின் கோபுரம் தெரியும். இந்த ஊரை ஆண்ட அரசர்களுக்கு நீளமான பெயர்கள். நன்றாகப் படித்தவருக்கும் ஒரே மூச்சில் சொல்ல வராது. அதில் ஒரு பெயரைப் பிரித்துப் படிப்போம்.

ஸ்ரீ பத்மநாபதாசர் அனுஷம் திருநாள் மார்த்தாண்ட வர்மா.

கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'வர்மா' வடமொழிச் சொல். கவசம் என்று பொருள். காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் பெயர்களிலும் இதே சொல்தான் உள்ளது. 'மார்த்தாண்டன்' என்றால் சூரியன். 'அனுஷம்' அவர் பிறந்த நட்சத்திரம். அந்த வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான். பாட்டுகள் இயற்றிய சுவாதித் திருநாள், 1813-ல் சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தவர்.

'பத்மநாபதாசர்' என்ற பெயர் மட்டும் பிறந்தபோது வந்தது அல்ல. பத்மம் என்றால் தாமரை. நாபி என்றால் தொப்புள். தொப்புளில் தாமரை உடையவர் பத்மநாபர், அதாவது திருமால். தாசர் என்றால் அடிமை. அரசர் ஏன் அடிமை ஆனார்?

மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்தார். சிறிய நாடு. சுற்றிலும் பகை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். காயங்குளம் முதலிய அண்டை நாடுகளையும் பிடித்தார். 1750-ல் தம் வாளைப் பத்மநாபர் சன்னிதியில் வைத்து, நாடு முழுவதையும் சாமிக்கே கொடுத்தார். அதன் பிறகு நாட்டுக்குச் சாமிதான் அரசர். அவர் சாமியின் வேலைக்காரர். இது பக்திதான். ஆனால் கெட்டிக்காரத்தனமும்தான். சாமியின் நாட்டை எதிர்த்து யார் வாள் எடுப்பார்?

பின்னால் வந்த அரசர்களும் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஈழவர், நாடார், புலையர் முதலிய மக்களுக்கு அந்தச் சாமியின் கோயிலுக்குள் இடமில்லை. உழுதவர்களும் பனை ஏறியவர்களும் வெளியேதான் நின்றார்கள். பல கோயில்களைச் சுற்றியுள்ள தெருவில்கூட அவர்கள் நடக்க முடியாது. அந்தத் தெருவுக்காக 1924-ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியாரும் அங்கே போய்ச் சிறை சென்றார். அரசர் தம்மைச் சாமியின் அடிமை என்றார். மக்களோ சாமியைப் பார்க்கவே முடியவில்லை. இப்படியே இருநூறு ஆண்டுகள் நெருங்கின.

1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் பலராம வர்மா ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு வயது 24. அரசின் பொறுப்பில் இருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அதற்குத் தலைவராக, 'ராஜப்பிரமுகர்' என்ற பதவியில் அவர் அமர வேண்டும். பதவிக்கு உறுதிமொழி எடுக்க வேண்டுமே! தாம் பத்மநாபரின் தாசன், ஆகவே இன்னோர் உறுதிமொழி எடுக்க முடியாது என்று அவர் நினைத்தார். கடைசியில் உறுதிமொழிக்குப் பதிலாக அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். டெல்லி அரசும் அதை ஏற்றுக்கொண்டது.