மயிலாப்பூரைப் பார்க்க எந்த வழி நல்லது?

சனிக்கிழமை காலையில் ஈக்காட்டுத்தாங்கல் நூறடி ரோட்டோரம் நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக் காரில் ஏறுவார்கள். கையில் போன், அதில் "மயிலாப்பூரில் தவறவே விடக்கூடாத பத்து இடங்கள்" என்று யாரோ போட்ட ரீல்ஸ். ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டு, "பஸ்ஸெல்லாம் வேணாம்ப்பா, காரிலேயே போயிட்டு வந்துடுங்க, பணம் அனுப்பிடறேன்" என்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தவர்களிடம் கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படம் நிறைய இருக்கிறது. தெப்பக்குளம் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இவ்வளவு செலவு செய்து இவ்வளவு குறைவாகப் பார்த்துவிட்டு வருகிறார்களே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

போகிற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். நேரே ஆட்டோவிலும் போகலாம். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இல்லையென்றால் வேளச்சேரி போய்ப் பறக்கும் ரயில். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றைக் கடக்கிற அந்த ரயிலுக்குத்தான் என் ஓட்டு. அதிலும் திருமயிலை வரை போகாமல் ஒரு நிலையம் முன்பாக, மந்தைவெளியில் இறங்குங்கள் என்பேன். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கார். மயிலாப்பூருக்குக் காரில் போகாதீர்கள். மாட வீதிகள் தேர் ஓடுவதற்கு அமைந்தவை; கார் நிறுத்துவதற்கு அங்கே இடம் ஏது? மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் போக்குவரத்தைத் திருப்பி விட்டிருப்பதால் ஓட்டுநர் எங்கேயோ ஓர் ஓரத்தில் இறக்கிவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாலு மணி நேரம், நாற்பது கிலோமீட்டர் என்று பேசிய வாடகை. மனசு முழுக்கக் கடிகாரத்திலேயே இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பி, நெரிசலில் சிக்கி, சாந்தோமை முதலில் முடித்துவிட்டுக் கபாலீசுவரர் கோயிலுக்கு வந்து சேரும்போது நண்பகல் ஆகி நடை சாத்தியிருப்பார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அதுவரை காத்திருக்க வாடகை இடம் கொடுக்காது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கோ, ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கிறபோதோ வண்டிக்கு வழியே கிடையாது. மயிலாப்பூர் மயிலாப்பூராக இருக்கிற நாட்கள் அவைதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரில் போனவருக்கு எந்தத் தெரு எதோடு சேருகிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. என் கோபம் அதில்தான். மந்தைவெளியில் இறங்கச் சொன்னதும் இதனால்தான். அங்கிருந்து ராமகிருஷ்ண மடம் சாலையில் வடக்கே நடந்தால் முதலில் மடம், பிறகு வலது பக்கம் தெப்பக்குளம், குளத்துக்கு அப்பால் கோயில். கபாலீசுவரர் மேற்கு பார்த்தவர். 1906-இல் கட்டிய, ஏறக்குறைய 120 அடி உயரமுள்ள ராஜகோபுரம் இருப்பதோ கிழக்கில். கிழக்கே இறங்கிக் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், சுவாமி குளத்தைப் பார்த்தபடி இருப்பதைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள்.

அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் லஸ் கார்னர். இந்தச் சந்திப்பை மனதில் பதித்துக்கொண்டால் போன் வரைபடம் தேவைப்படாது. மேற்கே லஸ் சர்ச் ரோடு. 1516-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய பிரகாச மாதா கோயிலும் நாகேஸ்வரராவ் பூங்காவும் அந்தப் பக்கம். கிழக்கே கச்சேரி ரோடு. நேரே நடந்தால் சாந்தோம், கடல். பழைய கபாலீசுவரர் கோயில் அந்தக் கடலோரத்தில்தான் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது என்பார்கள். கச்சேரி ரோட்டை நடந்து கடந்தவருக்கு அந்த வரலாறு கால் வழியாகப் புரியும். வழியில்தான் டப்பா செட்டி கடை. சுக்கும் கண்டந்திப்பிலியும் கலந்த வாசனையே கடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரசவ லேகியம் வாங்க வந்த பாட்டி கடைக்காரரிடம் பத்தியம் கேட்டுக்கொண்டிருப்பார். ஓரமாக நின்று கேளுங்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சமையலில் ஆசை உள்ள பிள்ளை தெற்கு மாட வீதியின் காய்க்கடைகளில் ஒரு காலை முழுக்க இருக்கலாம். பிரண்டையும் வாழைப்பூவும் அங்கே குவித்து வைத்திருப்பார்கள். பாட்டுக் கற்கிறவர் மார்கழியில் வரட்டும். கைவேலை பிடித்தவர் நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதிக்குப் போய் கொலு பொம்மைகளை எடுத்துப் பார்க்கட்டும். கூட்டமே ஒத்துக்கொள்ளாதவருக்குச் சித்திரக்குளம் இருக்கிறது. நண்பன் போனான் என்று போகாதீர்கள். உங்கள் மனசு எதில் நிற்கிறதோ அதற்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். மற்ற இடங்கள் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். ஒரே தெருவில் இரண்டாம் முறை நடக்கிற பொறுமை பாடப் புத்தகத்துக்கும் உதவும் என்று நான் நம்புகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. அதற்குக் கார்தான் மருந்து என்றில்லை. விடியற்காலையில் கிளம்பச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் கோயிலும் குளமும் மாட வீதிகளும் முடிந்துவிடும். இருட்டிய பிறகு பறக்கும் ரயில் நிலையங்களில் ஆள் நடமாட்டம் குறைவு. திரும்ப நேரமானால் ரயிலை விட்டுவிட்டு, லஸ்ஸிலிருந்து பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.