டோல்கோக்கில் இறங்குங்கள்

“இவங்களுக்கெல்லாம் யாரு சம்பளம் குடுக்கிறா?” என்று அம்மா கேட்டாள்.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் டவின் என்றொரு சின்ன ஊர். அங்கே டாலிலின் நீராவி ரயில் கிளம்பும் வார்ஃப் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். எழுபதைத் தாண்டிய ஒருவர் எஞ்சினின் பித்தளைப் பாகங்களைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகைக்கு முதல் நாள் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கும்போது அம்மாவின் முகத்தில் வரும் கவனம் அவர் முகத்திலும் இருந்தது. சிலருக்குத்தான் சம்பளம், பெரும்பாலானவர்கள் சும்மா வந்து வேலை செய்கிறவர்கள் என்றேன். அம்மா நம்பவில்லை. “நீ அவர்கிட்டயே கேளு” என்றாள்.

கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராம். வருடத்தில் சில வாரங்கள் சொந்தச் செலவில் இங்கே வந்து தங்குகிறார். அன்று விடியற்காலை ஐந்தரைக்கே ஷெட்டுக்குப் போய் நெருப்பு மூட்டியிருக்கிறார். கொதிகலனை மெல்லத்தான் சூடேற்ற வேண்டும், அவசரப்படுத்தினால் இரும்பு தாங்காது என்று கையால் காட்டிச் சொன்னார். காலை உணவு சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வந்த எங்களுக்காக ஐந்து மணி நேரத்துக்கு முன்பே ஒருவர் எழுந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நான் அங்கே போன மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவையும் மற்றவர்களைப் போலத்தான் போனேன். ஏறினேன், கடைசி ஸ்டேஷன் வரை போனேன், அதே பெட்டியில் திரும்பினேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாலிலின் ரயில் 1860களில் பிரின் எக்லுவிஸ் குவாரியிலிருந்து சிலேட்டுக் கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதற்காகப் போட்டது. பயணிகளும் ஏறினார்கள். 1911இல் இதை வாங்கிய சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், 1946இல் குவாரி மூடிய பிறகும் நஷ்டத்திலேயே ரயிலை ஓட்டினார். 1950 ஜூலையில் அவர் இறந்துபோனார். இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டு, ரயிலை நாமே நடத்துவோம் என்று சங்கம் அமைத்தார்கள். 1951 மே 14 அன்று அவர்களுடைய முதல் ரயில் கிளம்பியது. தொண்டர்கள் கையில் எடுத்து நடத்திய ரயில் பாதைகளில் உலகிலேயே இதுதான் முதலாவது. அன்று அவர்களிடம் ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே எஞ்சின், 1866இல் செய்தது. அது நின்றிருந்தால் எல்லாமே நின்றிருக்கும். நான் குடியிருக்கும் பர்மிங்காமிலேயே இந்தச் சங்கம் பிறந்தது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதன்மேல் ஓர் உரிமையே வந்துவிட்டது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் அழகான மலையும் மெதுவான ரயிலும்தான் கண்ணில் படும்.

போகும் வழி: பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக டவினுக்கு நேர் ரயில் உண்டு. ஆனால் மகன்லெத் ஸ்டேஷனில் அந்த ரயில் இரண்டாகப் பிரியும். பாதி அபெரிஸ்ட்வித்துக்கும் பாதி புல்ஹெலி பக்கத்துக்கும் போகும். டவினுக்குப் புல்ஹெலி பாதியில் இருக்க வேண்டும். முதல் தடவை நான் இதைக் கவனிக்காமல் வேறு பாதியில் பையனோடு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த பாட்டி சொல்லியிருக்காவிட்டால் அந்த நாளே போயிருக்கும்.

டாலிலின் ரயில் எல்லா நாளும் ஓடாது. குளிர்காலத்தில் மிகக் குறைவு. அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டு, முடிந்தவரை காலை ரயிலையே பிடியுங்கள். கரித்தூள் பறக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம். மழைக்கோட்டு கோடையிலும் வேண்டும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பெட்டியின் அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊட்டி மலைரயிலின் பாதை அகலம் 1000 மில்லிமீட்டர், இது 686தான். முழங்கால் எதிர் சீட்டில் இடிக்கும். கதவுகள் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதைப் பார்த்து அம்மா பயந்தாள். அதற்குக் காரணம் இருக்கிறது. பாதை போட்டபோது குறுக்கே வரும் பாலங்களை மிகவும் குறுகலாகக் கட்டிவிட்டார்கள். பயணி கதவைத் திறந்து வெளியேற இடம் போதாது என்று அரசு ஆய்வாளர் ஆட்சேபித்தார். பாலத்தை இடிப்பதற்குப் பதிலாக, அதன் அடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டு, அந்தப் பக்கக் கதவுகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகியும் அந்தத் தீர்வு அப்படியே இருக்கிறது. பாலத்தின் கீழே போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், ஒரு பக்கச் சுவர் எவ்வளவு அருகில் வருகிறது என்பது தெரியும். தலையை மட்டும் வெளியே நீட்ட வேண்டாம்.

ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரிகிறது. எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மேட்டில் அது மூச்சுவாங்கி இழுக்கும் சத்தம் பின்பெட்டிகளுக்கு அவ்வளவாக வராது.

முக்கியமான விஷயம் டோல்கோக், எஞ்சின் அல்ல, அதே பெயர் கொண்ட இடம். செங்கல்லில் கட்டிய மூன்று வளைவுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் ஸ்டேஷன் இது. பாலத்துக்குக் கீழே ஏறக்குறைய 16 மீட்டர் ஆழத்தில் ஓடை ஓடும். இங்கேயே இறங்கிவிடுங்கள். எங்கள் ரயில் இங்கே தண்ணீர் பிடிக்க நின்றது. ஃபயர்மேன் தொட்டியை நிரப்பியதையும், டிரைவர் எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களுக்கு நடுவே குனிந்ததையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தோம். பிறகு ரயில் போய்விடும். போனபின் வரும் அமைதிக்காகவும் இறங்கலாம். மரங்களுக்கு நடுவே நடந்தால் அருவி. அம்மா கீழ் அருவியோடு நின்றுகொண்டாள், நானும் பையனும் மேலே ஏறினோம். அடுத்த ரயிலைப் பிடித்து மேலே போனோம். அந்த இடைவேளை எவ்வளவு என்று காலையிலேயே கார்டிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், கடைசி ரயிலை விட்டால் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

கடைசி ஸ்டேஷன் நான்ட் குவெர்னோல். அதற்குச் சாலையே கிடையாது, ரயிலில் வரலாம், இல்லாவிட்டால் நடந்து வரலாம். அங்கிருந்து பழைய குவாரி வரை நடைபாதை போகிறது. வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இந்தக் குவாரியும் ரயிலும் அதில் சேர்ந்தன. அம்மா பாதையோரம் கிடந்த கருஞ்சாம்பல் நிறச் சில்லு ஒன்றைத் தடவிப் பார்த்து, “நான் அ, ஆ எழுதின சிலேட்டு மாதிரியே இருக்கு” என்றாள்.

தொண்டர்களிடம் பேசத் தயங்காதீர்கள். நம்மில் பலருக்கு, வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் உண்டு. இங்கே கேட்காமல் போனால்தான் அவர்களுக்கு வருத்தம். “எத்தனை வருஷமா வர்றீங்க?” என்ற ஒரு கேள்வி போதும். ரயில் கிளம்பும் கடைசி நிமிடத்தில் மட்டும் கேட்காதீர்கள், டிரைவர் கையில் டோக்கன் வாங்கும் நேரம் அது. ஒற்றைத் தண்டவாளத்தில் அந்தப் பகுதிக்குரிய டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே ஓட்டலாம்.

தாமஸ் ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் 1952இல் இங்கே கார்டாகத் தொண்டு செய்தவர்தான். சிற்றுண்டி விற்கும் பெண்மணியை ஒருநாள் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு ரயிலைக் கிளப்பிவிட்டார். பிறகு அதையே கதையாக்கினார். வார்ஃப் ஸ்டேஷன் மியூசியத்தில் அவருடைய எழுதும் அறையை அமைத்திருக்கிறார்கள். பையன் அங்கிருந்து நகர மறுத்தான். டீயும் கேக்கும் ஸ்டேஷன் கடையிலேயே வாங்கிச் சாப்பிடுங்கள், அந்தப் பணம் தண்டவாளத்துக்குத்தான் போகிறது.

திரும்பும்போது பித்தளை தேய்த்த பெரியவர் ஷெட் வாசலில் நின்றிருந்தார். அன்றைய வேலை இன்னும் முடியவில்லை, சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும் என்றார். அம்மா பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் வைத்தாள்.